சைலன்சர் மாற்றிய காரின் கரகரப்பை நீக்குவது எப்படி

சைலன்சர் மாற்றிய பிறகு 3000 ஆர்பிஎம்முக்கு (என்ஜின் நிமிடத்துக்குச் சுற்றும் எண்ணிக்கை) மேலே, தகர டின்னுக்குள் குளவி புகுந்த மாதிரி ஒரு சத்தம் வரும். கொழும்பில் சிவிக், லான்சர், ஸ்விஃப்ட் வைத்திருப்பவர்கள் அதற்குச் செய்வது பெரும்பாலும் ஒன்றுதான்: பின் பெட்டியை, அதாவது கடைசியில் உள்ள சைலன்சரை, கழற்றி இன்னொரு பின் பெட்டி பூட்டுவது. பணம் போகும், கரகரப்பு போகாது. அது பின் பெட்டியில் பிறப்பது குறைவு. நடுவில் இருந்த ரெசொனேட்டரை (கூர்மையான சத்தத்தை அடக்கும் சின்னப் பெட்டி) வெட்டிவிட்டு வெறும் பைப் போட்டிருப்பார்கள். அல்லது எங்கேயாவது காற்றுக் கசியும். அல்லது மெல்லிய தகடு ஒன்று அதிரும். மூன்றில் எது என்று தெரிந்த பிறகு கராஜுக்குப் போனால் போதும்.

முதலில் இரண்டு சத்தங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். நாலு சிலிண்டர் என்ஜினில் கிராங்க் (என்ஜினின் சுழல் தண்டு) ஒரு சுற்றுச் சுற்றும்போது இரண்டு சிலிண்டர் வெடிக்கும். அதனால் ஆர்பிஎம்மை 30 ஆல் வகுத்தால் அடிப்படைச் சத்தத்தின் அதிர்வெண் வரும்: 3000 இல் 100 ஹேர்ட்ஸ், 4500 இல் 150. காருக்குள் மண்டையிடி தருகிற முழக்கம் இந்த அளவில் இருக்கும். கரகரப்பு அதன் மடங்குகள், சில நூறு ஹேர்ட்ஸிலிருந்து இரண்டாயிரத்துக்கும் மேல் போகும். கைபேசியில் இலவச அதிர்வெண் ஆப் ஒன்றை ஓடவிட்டால் இரண்டும் தனித்தனியாகத் தெரியும். முழக்கத்துக்கு மருந்து பெரிய பின் பெட்டி, அல்லது பைப்பின் பக்கத்தில் ஒட்டும், அளந்து வெட்டி முனை மூடிய கிளைப் பைப். கரகரப்புக்கு அவை பெரிதாக உதவாது. உயர்ந்த சத்தத்தைப் பெட்டிக்குள் அடைக்கும் பஞ்சு விழுங்கும். கீழ்ச் சத்தத்தை விழுங்காது.

கசிவு

சோதனையை என்ஜின் குளிர்ந்திருக்கும்போது செய்யுங்கள். காலையில் ஸ்டார்ட் பண்ணியதும் மெனிபோல்ட் (என்ஜினிலிருந்து புகை வெளியேறும் முதல் குழாய்த் தொகுதி) பக்கம் டிக் டிக் என்று கேட்டு, சூடானதும் குறைந்தால் மெனிபோல்ட் கஸ்கட்டோ (மூட்டில் வைக்கும் அடைப்புத் தகடு) இரும்பில் விழுந்த விரிசலோதான் காரணம். இரும்பு சூட்டில் விரிந்து இடைவெளியை மூடிவிடுவதால் மதியம் கராஜில் காட்டும்போது ஒன்றும் கேட்காது. ஒரு மீட்டர் றப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை மூட்டுகளுக்கு அருகே நகர்த்தினால் இடம் பிடிபடும்.

மிச்ச மூட்டுகளுக்கு, என்ஜினை நிறுத்தி, ஊதும் வசதியுள்ள வக்கூம் கிளீனரின் குழாயைப் பின் பைப்பில் துணி சுற்றிச் செருகி ஊதவிடுங்கள். பாத்திரம் கழுவும் திரவத்தைத் தண்ணீரில் கலந்து ஒவ்வொரு பிளாஞ்சிலும் (போல்ட் பூட்டும் மூட்டுத் தகடு) வெல்டிங்கிலும் தெளித்தால் நுரை கிளம்பும். பிளாஞ்ச் ஓரத்தில் கறுத்த கரி படிந்திருப்பதும் அதே செய்திதான். காருக்கு அடியில் போகும்போது ஜக்கை மட்டும் நம்ப வேண்டாம். இரண்டு ஸ்டாண்ட் வைத்தே ஆக வேண்டும்.

ஒக்சிசன் சென்சருக்கு (புகையில் மிச்சமுள்ள ஒக்சிசனை அளப்பது) முன்னால் உள்ள கசிவு சத்தத்தோடு நிற்காது. வெடிப்புகளுக்கு இடையில் பைப்பில் அழுத்தம் இறங்கும்போது வெளிக்காற்று உள்ளே இழுபடும். சென்சர் கலவையில் பெற்றோல் குறைந்துவிட்டதாக நினைக்கும், கம்பியூட்டர் பெற்றோலைக் கூட்டும். வருமான அனுமதிப்பத்திரம் புதுப்பிக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகும்போது அந்தத் தவறு தாளில் எழுதி வரும்.

பிளாஞ்சில் கஸ்கட் பழையதை மறுபடி போடாதீர்கள். இரண்டு முகத்தையும் தட்டையான அரத்தால் சுத்தப்படுத்தி, போல்ட்டுகளை மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கத்தை முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் புதுக் கஸ்கட்டும் கசியும்.

அதிரும் தகடு

நியூட்ரலில் மெதுவாக ஆர்பிஎம்மை ஏற்றுங்கள். ஒரே ஒரு இடத்தில், சொல்லப்போனால் 2700 க்கும் 2900 க்கும் இடையில் மட்டும், ஜர்ரென்று வந்து மறைந்தால் அது தகடு. ஹீட் ஷீல்டை (சூட்டைத் தடுக்கும் தகடு) றப்பர் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். போல்ட் துளை துருப்பிடித்துப் பெருத்திருந்தால் அகன்ற வொஷர் போடலாம், அல்லது பெரிய ஸ்டெயின்லெஸ் ஹோஸ் கிளிப்பைச் சுற்றி இறுக்கலாம். மலிவான வேலை, பலருக்கு இதோடு பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும்.

சுமை ஏறும்போது மட்டும் சத்தம் வந்தால், என்ஜின் மவுண்ட் தளர்ந்து பைப் எங்கேயோ இடிக்கிறதா என்று பாருங்கள். பளபளவென்று தேய்ந்த புள்ளி தெரியும். பைப்பைத் தொங்கவிடும் ஹேங்கர் றப்பர், பின் பம்பர் வெட்டு, வளைந்து கொடுக்கும் ஃப்ளெக்ஸ் பைப் மூன்றையும் விடாதீர்கள். ஃப்ளெக்ஸின் வெளி வலை நன்றாக இருந்தும் உள் சுருள் அறுந்து கிணுகிணுக்கும்.

ரெசொனேட்டர்

கசிவும் இல்லை, ஆட்டமும் இல்லை, நியூட்ரலில் சாதுவாக இருந்து அக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் 3000 இலிருந்து ஏறிக்கொண்டே போகிறது என்றால் அது வாயுவின் சத்தம். இங்கேதான் செலவு செய்ய வேண்டும்.

வாங்க வேண்டியது நேராக ஊடுருவும், ஓட்டை போட்ட கோர் (உள்குழாய்) உள்ள, பஞ்சு அடைத்த வட்ட ரெசொனேட்டர். கோரின் உள்விட்டம் உங்கள் பைப்பின் அளவுதான், பெரியது வேண்டாம். உடல் 4 அங்குலம், நீளம் குறைந்தது 12 அங்குலம், இடமிருந்தால் 18. நீளத்தில் கஞ்சத்தனம் பார்த்தால் வேலை இரண்டு தரமாகும்: 6 அங்குலக் குட்டி ஒன்றைப் போட்டுவிட்டுச் சத்தம் குறையவில்லை என்று கராஜைத் திட்டுவதில் பயனில்லை. உள்ளே ஜன்னல் கதவு போல இதழ் வளைத்த கோர் உள்ளவை மலிவு. ஆனால் இதழே காற்றைக் கிழித்துப் புதுச் சத்தம் எழுப்பும்.

பூட்டும் இடம் புகையைச் சுத்தப்படுத்தும் கட்டலிட்டிக் கொன்வேட்டருக்கும் பின் பெட்டிக்கும் இடையில், முன் சீட்டுகளுக்கு அடியில் வரும் நேர்ப் பகுதி. கொன்வேட்டரின் வாயோடு ஒட்டிப் போட்டால் சூட்டில் பஞ்சு சீக்கிரம் பொடியாகும். வேகத்தடை நிறைந்த ஒழுங்கையில் குடியிருப்பவர்கள், தாழ்த்திய காராக இருந்தால், வட்டத்தை விட்டு நீள்வட்ட உடல் எடுங்கள்.

கொன்வேட்டரை எடுத்து விற்றுவிட்டு அந்த இடத்தில் பைப் போட்ட கார்களில் என்ன பூட்டினாலும் கொஞ்சம் கரகரக்கும். அதன் தேன்கூட்டுக் கல் புகையைச் சுத்தப்படுத்துவதோடு கூர்மையான சத்தத்தையும் மழுங்கடிக்கிறது. திரும்பப் போடுங்கள்.

பைப்பின் அளவும் தடிப்பும் இன்னொரு காரணம். டர்போ இல்லாத 1.3, 1.5 லீட்டர் என்ஜினுக்கு 1.75 முதல் 2 அங்குலம் தாராளம், 1.8, 2.0 லீட்டருக்கு 2.25. சின்ன என்ஜினில் 2.5 அங்குலம் போட்டவருக்குக் கிடைப்பது சத்தம் மட்டும். 0.9 மில்லிமீட்டர்ச் சுவர் உள்ள பைப் மணி மாதிரி ஒலிக்கும், 1.5 கேளுங்கள், 1.2 க்குக் கீழே இறங்க வேண்டாம். கடையில் கலிப்பரால் வெட்டு முனையை அளந்து பார்ப்பதில் வெட்கம் இல்லை.

கொழும்பின் பழைய உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் ஜப்பான் கார்களிலிருந்து கழற்றிய ஒரிஜினல் நடுப்பெட்டிகளைத் தேடிப் பார்க்கலாம். நல்லதாகக் கிடைத்தால் புதுச் சந்தைச் சரக்கை விட அமைதியாக இருக்கும். எடுத்துக் குலுக்குங்கள், உள்ளே கடகடத்தால் தடுப்புத் தகடு உடைந்தது. அடிப்பக்கத்தையும் மடிப்போரத்தையும் ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள்.

பழைய பெட்டிக்குப் புதுப் பஞ்சு

புதிதில் நன்றாக இருந்து மெல்ல மெல்லக் கரகரக்கத் தொடங்கிய பெட்டி பஞ்சை ஊதித் தள்ளியிருக்கும். ரிவெட் அடித்த மூடியானால் ரிவெட்டைத் துளைத்துத் திறக்கலாம். வெல்டிங் ஆனால் வெட்ட வேண்டும். பழைய பஞ்சைக் கையுறை, முகக்கவசம் இல்லாமல் தொடாதீர்கள்.

அளவு கணக்குப் போடக்கூடியது. 10 சென்டிமீட்டர் உடல், 5 சென்டிமீட்டர் கோர், 35 சென்டிமீட்டர் நீளம் என்றால் இடைவெளி ஏறத்தாழ 2 லீட்டர். லீட்டருக்கு 100 முதல் 120 கிராம் என்று நீளநூல் கண்ணாடிப் பஞ்சோ பசால்ட் பஞ்சோ 200 முதல் 250 கிராம் போகும். முதலில் கோரைச் சுற்றி ஸ்டெயின்லெஸ் கம்பிப் பஞ்சு ஓர் அடுக்கு, அதன் மேல் கண்ணாடிப் பஞ்சு. தளர்வாக வைத்தால் ஓட்டை வழியே பறந்துவிடும். திணித்தால் பலகையாகிச் சத்தத்தைத் திருப்பி அனுப்பும். கூரை, ஏசி வேலைக்கு வரும் பஞ்சு இந்தச் சூட்டுக்குத் தாங்காது. சமையலறைக் கம்பிச் சுருளும் அப்படியே: துருப்பிடித்து உதிரும்.

வெல்டிங்

காரில் வைத்து வெல்டிங் செய்வதானால் பெட்டரியின் நெகட்டிவைக் கழற்றச் சொல்லுங்கள். முதலில் காரிலேயே நாலு புள்ளி ஒட்டி, ஹேங்கர்களும் இடைவெளியும் சரிபார்த்து, பிறகு இறக்கி முழுதாகச் சுற்றி ஒட்டுவதுதான் முறை. நேரே முழுதாக ஒட்டினால் பைப் இழுபட்டு ஒரு பக்கம் இடிக்கும். ஸ்டெயின்லெஸை சாதா இரும்போடு ஒட்ட 309எல் கம்பி வேண்டும். சாதாக் கம்பியால் ஒட்டிய இடம் காலி வீதிக் கடல் காற்றில் முதலில் துருப்பிடிக்கும்.

பைப் முனைக்குள் செருகும் சத்தக் கட்டையை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வழியை நெரிக்கிறது, போல்ட் தளர்ந்ததும் அதுவே கிணுகிணுக்கிறது. பைப்பின் மேல் சூடு தாங்கும் துணி நாடா சுற்றுவதும் கொழும்பு மழையில் ஈரத்தைப் பிடித்து வைத்து பைப்பை அரிக்கும்.

வேலை முடிந்ததும் முதல் ஓட்டத்தில் புதுப் பஞ்சிலிருந்து கொஞ்சம் புகையும் மணமும் வரும், பயப்பட வேண்டாம். இரண்டாம் கியரில் 2000 இலிருந்து 4500 வரை ஏற்றிப் பாருங்கள். கரகரப்பு உள்ளே இருப்பவரை விட வெளியே நிற்பவருக்கு நன்றாகக் கேட்கும் என்பதால், ஒருவரை வீதியோரம் நிறுத்திக் கைபேசியில் பதியச் சொல்லுங்கள். பெட்டியின் அடியில் 3 மில்லிமீட்டர் ஓட்டை இருந்தால் அது தண்ணீர் வடிய வைத்தது. கசிவு என்று நினைத்து அடைத்துவிடாதீர்கள். சில நாள் ஓடி, இரும்பு பல தரம் சூடாகி ஆறிய பிறகு, குளிர்ந்த நிலையில் பிளாஞ்ச் போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை இறுக்குங்கள்.