புது கார் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை

போன வாரம் தங்கை மகன் ஒரு காம்பாக்ட் எஸ்யூவி எடுத்தான். சனிக்கிழமை டெலிவரி; நேராக பாடிகாட் முனீஸ்வரர் கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழம் நசுக்கியாயிற்று. ஞாயிறு காலை போன். "மாமா, ஜி.பி. ரோடு கார் ஆக்சஸரீஸ் கடைகளுக்குக் கிளம்பிட்டேன். ஷோரூம்ல ஆக்சஸரீஸுக்கு நாற்பத்தெட்டாயிரம் சொன்னாங்க. வெளியே பாதியில முடியுமாம்."

ஏழு வருடம் முன்னால் நானும் இதே கணக்குதான் போட்டேன். நடு வேரியன்ட் எடுத்துவிட்டு, டாப் வேரியன்ட்டில் வருவதையெல்லாம் வெளியே போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். வெளியே ஆக்சஸரீஸ் போடும்போது செய்யக் கூடாதவை என்று அவனிடம் போனில் சொன்னதை இங்கேயும் எழுதுகிறேன். காற்று பாருங்கள், சர்வீஸைத் தள்ளிப்போடாதீர்கள் என்பதெல்லாம் எல்லாரும் சொல்வதுதான், விட்டுவிடுகிறேன்.

ஒயரை வெட்ட விடுவது

இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் வருவது இதில்தான்.

நான் போன கடையில் ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ, ரிவர்ஸ் கேமரா, ஃபாக் லேம்ப், அதோடு 60 வாட் ஹெட்லைட் பல்புக்குப் பதில் 100 வாட் பல்பு என்று பேசி முடித்தேன். "ஒயர் கட் பண்ண மாட்டீங்கல்ல?" என்று கேட்டதற்கு, "எல்லாம் கப்ளர்தான் சார், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க" என்றார்கள். கப்ளர் என்றால் ஒயரை வெட்டாமல் செருகும் பிளக். குடிக்கப் போனேன். அங்கேதான் தவறு.

பதினான்கு மாதம் ஒரு குறையும் இல்லை. ஒரு மழை இரவு, திண்டிவனம் தாண்டி சென்னைக்கு வந்துகொண்டிருந்தோம். பிளாஸ்டிக் தீயும் வாடை. இரண்டு ஹெட்லைட்டும் அணைந்துவிட்டன. பின்சீட்டில் அம்மாவும் குழந்தையும். ஹசார்ட் லைட்டைப் போட்டு, பின்னால் வரும் லாரி எங்களைப் பார்த்துவிட வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு ஓரம் கட்டினேன்.

மறுநாள் சர்வீஸ் சென்டர் எலக்ட்ரீஷியன் பானட்டுக்குள் கையை விட்டு ஒரு ஜாயின்ட்டை இழுத்துக் காட்டினார். மேலே சுற்றிய கறுப்பு டேப் வெயிலில் இளகி, விரலில் பிசின் மாதிரி ஒட்டியது. உள்ளே செம்புக் கம்பி பச்சைக் களிம்பு ஏறி நாலைந்து இழை மட்டும் மிச்சம். பல்பு கப்ளர் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. அப்புறம் ஃப்யூஸ் பெட்டியைத் திறந்தார். 15 ஆம்பியர் இருக்க வேண்டிய இடத்தில் 30.

கணக்கு ரொம்ப எளிது. 12 வோல்ட்டில் 60 வாட் பல்பு இழுப்பது 5 ஆம்பியர். 100 வாட் பல்பு 8 ஆம்பியருக்கு மேல். ஒயரில் ஏறும் சூடு கரண்ட்டின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பதால், அதே ஒயர் கிட்டத்தட்ட மூன்று மடங்கு சூடாகும். பழைய ஃப்யூஸ் போய்க்கொண்டே இருந்திருக்கும்; கடைக்காரர் பெரியதாகப் போட்டுவிட்டார். ஃப்யூஸ் இருப்பது ஒயரைக் காப்பாற்ற. பெரிய ஃப்யூஸ் போட்டால் அது பத்திரமாக இருக்கும், ஒயர் எரியும்.

ஒயரிங் ஹார்னஸ் (மொத்த ஒயர்க் கட்டு), இரண்டு ஹெட்லைட் எல்லாம் சேர்த்து 41,000 ரூபாய். வாரன்ட்டி கிடையாது, வெளியாள் கை வைத்த சர்க்யூட். இன்ஷூரன்ஸிலும் அந்த ஸ்டீரியோ கணக்கில் இல்லை. வெளியே போடும் எலக்ட்ரிகல் சாமான்களைப் பாலிசியில் தனியாக எழுதி, அதற்குக் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

எனவே, வெளியே போடுவதென்றால் உங்கள் மாடலுக்கென்றே வரும் கப்ளர் செட் கேளுங்கள். டேஷ்கேமுக்கு சார்ஜர் சாக்கெட் போதும். ஃபாக் லேம்ப்புக்கு ரிலேயோடு (விளக்குக்குப் போகும் பெரிய கரண்ட்டைத் தாங்கும் சுவிட்ச்) வரும் தனி ஒயரிங்தான் வேண்டும், பேட்டரியிலிருந்து நேராக, நடுவில் அதற்கென ஒரு ஃப்யூஸ். வேலை முடியும்வரை வண்டிப் பக்கத்திலேயே நில்லுங்கள். கையில் கட்டிங் பிளேயரை எடுத்தால் நிறுத்தச் சொல்லுங்கள். கூச்சப்படாதீர்கள்.

சீட் கவர்

சீட்டின் பக்கவாட்டில் 'ஏர்பேக்' என்று சின்னதாக ஒரு டேக் இருக்கிறதா? இருந்தால் அந்தத் தையல் பிரிந்துதான் பை வெளியே வர வேண்டும். அதன்மேல் கெட்டியான ரெக்ஸின் கவரை இழுத்துக் கட்டினால், ஏர்பேக்குக்குக் கொடுத்த காசு வீண், உயிருக்கும் ஆபத்து. ஏர்பேக்குக்கு இடம் விட்டுத் தைத்த கவர் கிடைக்கிறது, அதை வாங்குங்கள்.

பிள்ளையார்

டாஷ்போர்டில் பிள்ளையார் இல்லாமல் நானும் வண்டி எடுக்க மாட்டேன். ஆனால் இடது பக்க ஏர்பேக் மூடிமேல் ஒட்டாதீர்கள். அது திறப்பது நொடியில் இருபதில் ஒரு பங்கு நேரத்துக்குள். சிலை நேராகப் பக்கத்தில் இருப்பவர் முகத்துக்கு வரும். நடுவில், ஸ்டீரியோவுக்கு மேலே இடம் இருக்கிறது. பெர்ஃப்யூம் ஜெல் டப்பாவுக்கும் இதுவே.

முன்னால் இரும்புக் கம்பி

பம்பருக்கு முன்னால் மாட்டும் புல்பார் கூடாது என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே சொல்லிவிட்டது. வேண்டாம்.

ஒரு மேட் மேல் இன்னொரு மேட்

டிரைவர் பக்கம் ஒரே மேட், தரையில் உள்ள கொக்கியில் மாட்டியது. அவ்வளவுதான். 2009இல் டொயோட்டா அமெரிக்காவில் சுமார் 38 லட்சம் வண்டிகளைத் திரும்ப அழைத்ததே, மேட் நகர்ந்து ஆக்சிலேட்டரில் சிக்கும் ஆபத்துக்காகத்தான்.

பெரிய வீல்

வீல் பெரிதானால் டயரின் சைடுவால் (பக்கச் சுவர்) குட்டையாகும். நம் ஊர் வேகத்தடைக்கும் பள்ளத்துக்கும் அது உயரமாக இருப்பதே நல்லது.

வெளிச்சம் போதவில்லை என்றால்

அன்று மத்தியானம் கடையிலிருந்து அவன் மறுபடி கூப்பிட்டான். "மாமா, நீங்க சொன்ன மாதிரி வேற எதுவும் போடல. பல்பு மட்டும் மாத்திக்கட்டுமா? லைட் ரொம்ப டல்லா இருக்கு." ஸ்டீயரிங்குக்கு வலது பக்கம் 0, 1, 2, 3 என்று எழுதிய ஒரு சின்னத் திருகு இருக்கும், அது எதில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னேன். 3இல் இருந்தது. பின்னால் ஆளும் சாமானும் ஏற்றி மூக்கு தூக்கும்போது எதிரே வருபவர் கண் கூசாமல் இருக்க, வெளிச்சத்தைக் கீழே இறக்கும் எண் அது. தனியாகப் போகும்போது 0இல் இருக்க வேண்டும்.

இரவு ஒரு போட்டோ அனுப்பினான். தெருக்கோடி மதில்வரை வெளிச்சம்.