முன்னேறி வரும் எதிராளியிடம் கால்கள் செய்யும் தவறுகள்

குத்துச்சண்டையில், விடாமல் முன்னேறி வந்து குத்தும் எதிராளியிடம் சிக்கிக்கொண்டவர்களைக் கவனித்தால், அவர்களுடைய தற்காப்பு முதலில் குலைவது கால்களில்தான் என்பது விளங்கும். கைகள் முகத்தைச் சரியாகவே மறைத்திருக்கும். கால்களோ அவர்களை மேடையைச் சுற்றியுள்ள கயிற்றருகே கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

கால்கள் செய்யும் தவறுகளுள் மிகப் பெரியது, நேர்கோட்டில் பின்வாங்குவது. முன்னோக்கி வருபவரின் வேகத்துக்குப் பின்னோக்கிப் போகிறவரால் நெடுநேரம் ஈடுகொடுக்க முடியாது. அமெச்சூர் போட்டிகளுக்கான ரிங், அதாவது சண்டை மேடை, பொதுவாகக் கயிறுகளுக்குள் 6.1 மீட்டர் சதுரமாக இருக்கும். அதன் நடுவிலிருந்து கயிறு வரை மூன்று மீட்டர் சொச்சம்தான் இடம் உண்டு என்பதால், சில அடிகளிலேயே அது தீர்ந்துவிடும். அதைவிடக் கேடு என்னவென்றால், நேராகப் பின்வாங்குகிறவர் எதிராளியின் குத்துகள் வரும் கோட்டிலேயே நிற்கிறார். முதல் குத்து எட்டாமல் போனாலும், அடுத்ததும் அதற்கடுத்ததும் அதே கோட்டில் அவரைத் தேடி வரும். ஆகவே ஓரடி, மிஞ்சினால் ஈரடி பின்வைத்தவுடன் பக்கவாட்டில் விலக வேண்டும். அல்லது முன்காலை அச்சாகக் கொண்டு உடலைத் திருப்பும் பிவட்டைச் செய்ய வேண்டும். அப்போது எதிராளி தம் பாதங்களைப் புதிதாகத் திருப்பி வைத்தாக வேண்டும். அவர் அதைச் செய்து முடிப்பதற்குள் கிடைக்கும் கண நேரத்துக்காகவே தற்காப்புக் கால்நகர்வு முழுவதும் இருக்கிறது என்று நான் கருதுகிறேன்.

விலக வேண்டிய திசையை அறிந்தவர்கள்கூட விலக வேண்டிய நேரத்தில் தவறுகிறார்கள். எதிராளியின் தோள் அசைந்ததுமே பதறி நகர்ந்தால், அவருடைய எடை இன்னும் இரு கால்களுக்கும் நடுவே இருப்பதால், அவர் எளிதாகத் திசை மாற்றிப் பின்தொடர்வார். குத்துவதற்காக அவருடைய எடை முன்காலில் இறங்கிய பிறகு விலகினால், அவரால் உடனே திரும்ப முடியாது. இந்தப் பொறுமை எவருக்கும் இயல்பாக வருவதில்லை. பாதி வேகத்தில் செய்யும் ஸ்பாரிங்கில், அதாவது பயிற்சிச் சண்டையில், பலமுறை பழகினால்தான் வரும்.

கால்களைப் பின்னலாகக் குறுக்கே வைப்பதும், இரு பாதங்களையும் ஒட்டிக்கொள்வதும் அடித்தளத்தை அழித்துவிடும். அந்நிலையில் முன்கையால் நேராக விடும் ஒரு சாதாரண ஜாப் கூடக் கீழே தள்ளிவிடலாம். எந்தத் திசையில் போகிறோமோ அந்தப் பக்கத்துக் கால் முதலில் நகர வேண்டும், மற்றது அதே அளவு தொடர வேண்டும். பதற்றத்தில் முதலில் மறந்துபோவதும் இந்த விதிதான். குதிகாலில் எடையை வைத்து முழங்காலை விறைப்பாக்குவதும் இதே வகைத் தவறு.

அடுத்தது, எதிராளியின் வலுவான கையை நோக்கியே சுற்றுவது. இருவரும் இடக்காலையும் இடக்கையையும் முன்னே வைக்கும் ஆர்த்தடாக்ஸ் நிலையில் நின்றால், அவருடைய வலக்கை உங்களுக்கு இடப்பக்கத்தில் இருக்கும். இடப்பக்கமாகவே சுற்றினால் அந்தக் கைக்குள் நீங்களே நடந்து போகிறீர்கள். ஆனால் வலப்பக்கம் போவதையும் மாறாத விதியாகக் கொள்ளக் கூடாது. 1971 மார்ச் 8 அன்று மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 15-ஆவது ரவுண்டில் முகம்மது அலியைத் தரையில் வீழ்த்தியது ஜோ ஃப்ரேசியரின் இடக்கை ஹூக், அதாவது முழங்கையை மடக்கிப் பக்கவாட்டிலிருந்து விடும் குத்து. அத்தகைய ஹூக் உடையவரிடம் வலப்பக்கம் நகர்வதே ஆபத்து. எந்தப் பக்கமானாலும், ஒரே திசையில் சுற்றிக்கொண்டே இருந்தால், தேர்ந்த எதிராளி பின்தொடர்வதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் ஓரடி வைத்து வழியை அடைத்துவிடுவார். இரண்டடி ஒரு பக்கம் போவதுபோல் காட்டி மறுபக்கம் திரும்பத் தெரிந்திருக்க வேண்டும்.

1974-இல் கின்ஷாசாவில் அலி கயிற்றில் சாய்ந்து நின்றே ஜார்ஜ் ஃபோர்மேனைக் களைப்படையச் செய்து 8-ஆவது ரவுண்டில் வென்றதைக் காட்டி, கயிற்றோரம் நிற்பதை ஓர் உத்தியாகப் பலர் பரிந்துரைக்கிறார்கள். அலி அன்று தாங்கிய அடிகளை நினைத்தால், அதைப் பயிலும் வீரர்களுக்குப் பாடமாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

நகர்வதோடு நிறுத்திக்கொண்டு குத்தாமல் இருப்பதும் பெருந்தவறு. திருப்பி அடி வராது என்று தெரிந்துவிட்டால், எதிராளி எந்தத் தயக்கமும் இன்றி நெருங்குவார். 1980 ஜூன் 20 அன்று மாண்ட்ரியலில் சுகர் ரே லெனார்ட், ராபர்ட்டோ துரானோடு நெருக்கத்தில் நின்று மோதி, 15 ரவுண்டுகளின் முடிவில் நடுவர்களின் தீர்ப்பில் தோற்றார். அதே ஆண்டு நவம்பர் 25 அன்று நியூ ஆர்லியன்ஸில் அவர் ரிங்கைச் சுற்றி நகர்ந்தார், ஆனால் ஓடவில்லை. ஒவ்வொரு முறை கோணம் மாறியபோதும் ஜாபையோ இரண்டு மூன்று குத்துகளையோ விட்டுவிட்டு, துரான் திரும்புவதற்குள் அங்கிருந்து அகன்றார். 8-ஆவது ரவுண்டில் துரான் தாமாகவே போட்டியைக் கைவிட்டார்.