டர்போவும் சைலன்சரும் மாற்றும்போது நடக்கும் தவறுகள்

பெரிய டர்போ (எக்ஸாஸ்ட் புகையால் சுழன்று எஞ்சினுக்குள் கூடுதல் காற்றை அழுத்தும் கருவி) மாட்டி நானூறு, ஐநூறு கிலோமீட்டர்கூட ஓடாத கார் நீலப் புகை கக்கினால், முதலில் திட்டு வாங்குவது டர்போ கம்பெனிதான். கழற்றிப் பார்த்தால் ஆயில் திரும்பும் குழாய் வளைந்து தொங்கும், அல்லது ஆயில் வரும் துளையில் சிலிக்கான் துணுக்கு அடைத்திருக்கும். டர்போவின் தண்டு நிமிடத்துக்கு ஒரு லட்சம் சுற்றைத் தாண்டிச் சுழல்வது. ஆயில் சில நொடிகள் நின்றாலே பேரிங் போய்விடும்.

தவறுகள் வாங்கும்போதே தொடங்குகின்றன. "எவ்வளவு பெரிசோ அவ்வளவு பவர்" என்று எடுத்தால் கீழ் ஆர்பிஎம்மில் கார் தூங்கும். கணக்கு எளிது: நிமிடத்துக்கு 1 பவுண்டு (0.45 கிலோ) காற்று தோராயமாக 10 குதிரைத்திறன் தரும். 400 குதிரைத்திறன் வேண்டுமென்றால் நிமிடத்துக்கு 40 பவுண்டு, அதாவது 18 கிலோ காற்று. கடல்மட்டத்தில் 1 பார் பூஸ்ட் (வெளிக்காற்றுக்கு மேல் டர்போ தரும் கூடுதல் அழுத்தம்) என்றால் பிரஷர் ரேஷியோ, அதாவது கம்ப்ரசருக்குப் பின்னும் முன்னும் உள்ள அழுத்த விகிதம், 2. இந்த இரண்டு எண்களும் கம்ப்ரசர் மேப் என்ற வரைபடத்தில் எங்கே சந்திக்கின்றன என்று பாருங்கள். இடப்பக்கக் கோட்டுக்கு வெளியே விழுந்தால் சர்ஜ், அதாவது காற்று பின்னோக்கித் திமிறும்; வலது ஓரத்துக்குப் போனால் டர்போ காற்றைச் சூடாக்குவதுதான் மிச்சம்.

காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும். டர்போ பெட்ரோல் எஞ்சினில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு என்று வைத்தால், 400-க்கு 240 பவுண்டு. நான்கு சிலிண்டருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 60. பெட்ரோல் தெளிக்கும் இன்ஜெக்டரை 80 சதவீத நேரத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பதால் மணிக்கு 75 பவுண்டு, ஏறக்குறைய நிமிடத்துக்கு 790 சிசி அளவு தேவை. பம்பும் அதற்கு ஈடுகொடுக்க வேண்டும். பலர் கோட்டைவிடுவது மேப் சென்சாரில் (எஞ்சினுக்குள் போகும் காற்றின் மொத்த அழுத்தத்தை அளப்பது): 2.5 பார் சென்சார் கடல்மட்டத்தில் 1.5 பார் பூஸ்ட் வரைதான் படிக்கும். அதற்கு மேல் எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியூவுக்குக் கண் தெரியாது.

"டைனோ வரைக்கும் மெதுவா ஓட்டிட்டுப் போயிடலாம்" என்பது பிஸ்டனை உடைக்கும் வாக்கியம். (டைனோ என்பது பவரை அளந்து ட்யூன் செய்யும் மேடை.) பழைய ட்யூனிங்கிலேயே பூஸ்ட் ஏறினால் கலவை மெலிந்து (பெட்ரோல் குறைந்து) நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் தாறுமாறான வெடிப்பு, தொடங்கும். பிஸ்டனில் ரிங் உட்காரும் விளிம்பு பெயர்ந்து வரும். ஈசியூவில் அடிப்படை மேப்பாவது (ட்யூனிங் அட்டவணை) ஏற்றாமல் ஓட்டாதீர்கள், இல்லையென்றால் காரை வேறு வண்டியில் ஏற்றிக் கொண்டு போங்கள். வேலை தொடங்கும் முன் கம்ப்ரஷன் டெஸ்ட் (சிலிண்டர் அழுத்தச் சோதனை) அவசியம். சிலிண்டருக்குச் சிலிண்டர் 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அந்தப் பணம் முதலில் எஞ்சினுக்குப் போகட்டும்.

ஆயில் போகும் வழியும் திரும்பும் வழியும்

பால் பேரிங் (குண்டுகள் மேல் தண்டு சுழலும்) டர்போவுக்குக் குறைந்த ஆயில் போதும். ஆயில் வரத்தைக் குறைக்க, ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் துளையுள்ள ரெஸ்ட்ரிக்டர் வைப்பார்கள். ஜர்னல் பேரிங் (ஆயில் படலத்தின் மேல் தண்டு சுழலும்) டர்போவுக்கு நிறைய ஆயில் வேண்டும், வழக்கமாக ரெஸ்ட்ரிக்டர் கிடையாது. இரண்டையும் மாற்றிப் போட்டால் ஒன்று ஆயிலில் மூழ்கிப் புகைக்கும், மற்றொன்று காய்ந்து சாகும். சில டர்போக்களில் ரெஸ்ட்ரிக்டர் உள்ளேயே இருக்கும். கிட்டில் வந்ததையும் சேர்த்து இரண்டாக மாட்டிவிடாதீர்கள்.

திரும்பும் பக்கம்தான் அதிகம் கெடுகிறது. டர்போவிலிருந்து வெளியே வரும் ஆயிலுக்கு அழுத்தமே இல்லை. நுரைத்துப்போய், தன் எடையால் மட்டும் சம்புக்கு (எஞ்சினின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) இறங்குகிறது. அதனால் குழாயின் உள்விட்டம் 12.7 மில்லிமீட்டருக்குக் குறையவே கூடாது, 16 வைத்தால் நிம்மதி. குழாய் முழுக்கக் கீழ்நோக்கியே இறங்க வேண்டும். நடுவில் ஒரு தொய்வு இருந்தாலும் அங்கே ஆயில் தேங்கி, பின்னால் வருவது சீல் வழியாகக் கசியும். சம்பில் சேரும் இடம் ஆயில் மட்டத்துக்கு மேலே இருக்கட்டும். டர்போவின் ஆயில் வாய் நேர்க்குத்துக் கோட்டிலிருந்து 35 டிகிரிக்கு மேல் சாயக் கூடாது. சாய்ந்திருந்தால் ஹவுசிங் போல்ட்டுகளைத் தளர்த்தி நடுப்பகுதியைத் திருப்புங்கள். அப்போது கம்ப்ரசர் வீல் ஹவுசிங்கில் உரசாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். இதழ் ஒன்று மடிந்தால் பேலன்ஸ் போயிற்று. இத்தனையும் சரியாக இருந்தும் புகைந்தால், எஞ்சினின் பிரீதர் (உள்ளே சேரும் வாயு வெளியேறும் வழி) அடைத்திருக்கிறதா என்று பாருங்கள். கிரேங்க்கேஸில் (எஞ்சினின் கீழ்க்கூடு) அழுத்தம் இருந்தால் ஆயில் இறங்காது.

இனி சிலிக்கான் பேஸ்ட். ஆயில் ஃபிளாஞ்சில் (குழாயை போல்ட் போட்டு இணைக்கும் தட்டு) ஒரு கோடு இழுத்துவிட்டு இரண்டு போல்ட்டையும் முறுக்கினால், வெளியே எவ்வளவு பிதுங்குகிறதோ கிட்டத்தட்ட அவ்வளவே உள்ளேயும் பிதுங்கும். வெளியே தெரிவதைத் துடைத்துவிடுவோம். உள்ளே இருப்பது புழு மாதிரி ரப்பராகக் காய்ந்து, சூடான ஆயிலில் ஒருநாள் பிய்ந்து போகும். டெஃப்ளான் டேப்பின் நூலும் அப்படித்தான். 1 மில்லிமீட்டர் துளையை அடைக்க இவை தாராளம். ஆயில் இணைப்புகளுக்குக் கேஸ்கெட், செம்பு வாஷர், இவை இரண்டு மட்டும்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் டர்போவின் மேல் வாயில் சுத்தமான ஆயில் ஊற்றி, வீலைக் கையால் சுழற்றுங்கள். இன்ஜெக்டரையும் இக்னிஷனையும் துண்டித்துவிட்டு, திரும்பும் ஹோஸை ஒரு பாட்டிலில் விட்டு, 10 முதல் 15 நொடி வீதம் இடைவெளி விட்டு ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுழற்றுங்கள் (கிராங்க்). ஆயில் சீராக ஒழுகிய பிறகே ஹோஸை மாட்டி ஸ்டார்ட் செய்ய வேண்டும். உடனே ஆக்சிலரேட்டரை மிதித்து சத்தம் கேட்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள்.

சைலன்சர் நீளும்

304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் குழாய் ஒரு மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு, ஏறக்குறைய 17 மைக்ரான் நீளும். 500 டிகிரி சூடேறினால் எட்டரை மில்லிமீட்டர். சாதாரண இரும்புக் குழாய் என்றால் ஆறு. இந்த நீட்சிக்கு இடம் விடாமல் எஞ்சினுக்கும் பாடிக்கும் நடுவே இறுக்கிக் கட்டினால், ஃபிளாஞ்சை ஒட்டிய வெல்டிங் விரிசல் விடும், அல்லது மேனிஃபோல்டு ஸ்டட் முறியும். டர்போவிலிருந்து இறங்கும் டவுன்பைப்பை அடுத்து உள்ளே லைனர் வைத்த ஃபிளெக்ஸ் பெல்லோஸ் (மடிப்பு மடிப்பான நெகிழும் குழாய்) ஒன்று கட்டாயம். கோணலாக வந்த குழாயை நேராக்க அதை வளைத்துப் பற்றவைப்பது வேண்டாம், ஏற்கெனவே வளைந்திருக்கும் பெல்லோஸ் சீக்கிரம் கிழியும். சைலன்சரின் எடை ஹேங்கரில் தொங்கட்டும், டர்போவின் மேல் வேண்டாம்.

காரிலேயே டேக் (இடம் பிடிக்கும் சிறு வெல்டிங் புள்ளி) மட்டும் வைத்து, கழற்றி வெளியே முழுதாகப் பற்றவையுங்கள். ஃபிளாஞ்சைத் தடித்த தட்டில் போல்ட் போட்டு இறுக்கினால் வளையாது. ஸ்டெயின்லெஸுக்குக் குழாயின் உள்ளேயும் ஆர்கான் விட வேண்டும். விடாவிட்டால் உட்பக்கம் சர்க்கரைக் கட்டிபோலக் கருகிப் பொரிந்து, அந்தத் துணுக்குகள் உதிரும். டேக் வைக்கும்போது பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்பைப் பற்றவைக்கும் இடத்தின் பக்கத்திலேயே மாட்டுங்கள். மின்சாரம் டர்போ பேரிங் வழியாகப் போனால் புது டர்போ ஓடாமலேயே வீண்.

ஆக்சிஜன் சென்சாரை, குழாயின் குறுக்குவெட்டைக் கடிகாரமாக நினைத்தால் பத்துக்கும் இரண்டுக்கும் நடுவே, மேல் பாதியில் வையுங்கள். கீழே வைத்தால் குழாயில் சேரும் தண்ணீர் பட்டு உள்ளேயுள்ள செராமிக் வெடிக்கும். சென்சாருக்கு முன்னால் சின்னக் கசிவு இருந்தாலும் வெளிக்காற்று புகுந்து கலவை மெலிந்ததாகக் காட்டும். ஈசியூ வீணாகப் பெட்ரோல் ஊற்றும்.

எக்ஸாஸ்ட் தாராளமானால் டர்போ வேகமாகச் சுழலும். வேஸ்ட்கேட் (புகையின் ஒரு பகுதியை டர்போவைச் சுற்றி வெளியே விட்டு பூஸ்டைக் கட்டுப்படுத்தும் கதவு) சிறியதாகவோ, புகை நேராகப் பாயாத மூலையிலோ இருந்தால், நீங்கள் வைத்த அளவைத் தாண்டி பூஸ்ட் தானாக ஏறும். முதல் ஓட்டத்தை, ஈசியூ பூஸ்டைக் கட்டுப்படுத்தும் மின்வால்வான சோலினாய்டு இல்லாமல், வேஸ்ட்கேட்டின் வெறும் ஸ்பிரிங் அழுத்தத்தில் பாருங்கள். அங்கேயே ஆர்பிஎம்மோடு பூஸ்ட் ஏறிக்கொண்டே போனால் ஈசியூவால் அதைக் குறைக்க முடியாது. கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரை எடுப்பது பல நாடுகளில் சட்டவிரோதம் என்பதும் நினைவிருக்கட்டும்.

டர்போ பக்கத்தில் நைலான் வளையமுள்ள நட் போட்டால் நைலான் உருகி நட் கழலும். முழு உலோக லாக் நட் போடுங்கள். மூன்று நான்கு முறை நன்றாகச் சூடேறி ஆறிய பிறகு, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது, எல்லா நட்டுகளையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சால் ஒருமுறை சரிபாருங்கள். ஒன்றிரண்டு நட் கால் சுற்று தளர்ந்திருப்பது சகஜம்.