ரோமானியத் தெய்வக் கூட்டங்கள்: எழுதும்போது எங்கே சறுக்குகிறோம்?

ஜூபிடர், ஜூனோ, மினர்வா என்ற மூவரையும் ‘ரோமானிய மும்மூர்த்திகள்’ என்று எழுதிவிடுகிறோம். முதல் சறுக்கல் அதுதான். ரோம் நகரின் கேபிடோலின் குன்றில் இம்மூவரும் ஒரே கூரையின் கீழ் மூன்று கருவறைகளில் இருந்தது உண்மை. ஆனால் படைத்தல், காத்தல், அழித்தல் என்ற தொழில் பிரிவினை எதுவும் அவர்களுக்குள் இல்லை. கோயில் ஜூபிடருடையது, நடுக் கருவறை அவருக்கு. மற்ற இருவரும் பெண் தெய்வங்கள் வேறு.

அடுத்தது, மூவர் கூட்டம் இது ஒன்றுதான் என்று நினைப்பது. அவெண்டைன் குன்றுப் பக்கம் சீரீஸ், லைபர், லைபரா மூவருக்கும் கோயில் இருந்தது. கி.மு. 493-இல் எழுந்ததாக மரபு. பிளீபியர் எனப்பட்ட பொதுமக்களின் பிடிமானம் அது. செனட்டின் தீர்மானங்களைக் கொண்டுவந்து அங்கே காப்பில் வைத்தார்கள். சாமி கும்பிடும் இடம் மட்டும் என்று அதை எழுதினால் பாதிக் கதை போய்விடும். ஜூபிடர், மார்ஸ், குய்ரைனஸ் மூவரைச் சொல்லும் ‘தொன்மை மூவர்’ என்ற பெயரோ இக்கால அறிஞர்கள் வைத்தது.

முக்கியத் தெய்வங்கள் என்று சேர்த்துச் சொல்லப்படும் பன்னிருவர் விஷயத்தில்தான் குழப்பம் அதிகம். கி.மு. 217-இல் டிராசிமீன் ஏரிக்கரையில் கார்த்தேஜ் தளபதி ஹன்னிபாலிடம் ரோமானியப் படை நொறுங்கியது. கலங்கிப்போன நகரம் சிபில் ஏடுகள் என்ற குறிசொல்லும் நூல்களைப் பார்த்துத் தெய்வங்களுக்கு மூன்று நாள் விருந்து வைத்தது. ஆறு மஞ்சங்கள், மஞ்சத்துக்கு இருவர், எதிரே உணவு. ஜோடி என்றதும் கணவன் மனைவி என்று எழுதிவிடாதீர்கள். ஜூபிடரும் ஜூனோவும் தம்பதிதான். அப்பல்லோவும் டயானாவும் உடன்பிறப்புகள். வல்கனுக்குப் பக்கத்தில் கன்னித் தெய்வம் வெஸ்டா. இருவருக்கும் பொது நெருப்பு. புராணத்தில் வல்கனின் மனைவியான வீனஸ் இருந்தது மார்ஸின் மஞ்சத்தில்!

இந்தப் பட்டியலே எல்லா இடத்துக்கும் பொருந்தும் என்பதும் தவறு. எண்பது வயதில் விவசாய நூல் எழுத உட்கார்ந்த ரோமானிய அறிஞர் வார்ரோ, பன்னிரு தெய்வங்களை அழைக்கிறார். ஃபோரம் என்ற நகரப் பொதுச் சதுக்கத்தில் பொன்முலாம் பூசி நிற்கும் பன்னிருவர் அல்ல, உழவருக்கு வழிகாட்டும் பன்னிருவர் என்று அவரே பிரித்துச் சொல்கிறார். ஜூபிடர் இருக்கிறார், கூடவே பூமித்தாய் டெல்லஸ். சூரியனும் சந்திரனும் உண்டு. பயிரில் துருநோய் வராமல் காக்கும் ரொபிகஸும் உண்டு. அவருக்கு ஏப்ரல் 25 அன்று நாய் பலி கொடுப்பார்கள். நெப்டியூனுக்கு இங்கே இடமில்லை. வயற்காட்டில் கடலரசனுக்கு என்ன வேலை?

வீட்டுத் தெய்வங்களான லாரேஸையும் பெனாட்டேஸையும் ஒன்றாக்கிவிடுவதும் உண்டு. பெனாட்டேஸ் உணவு வைக்கும் அறையின் காவலர்கள். லாரேஸ் வீட்டோடு நிற்பதில்லை, தெருச் சந்திகளிலும் அவர்களுக்குச் சிறு கோயில்கள் இருந்தன.

கடைசியாக, ரோமானியக் கல்லறைக் கற்களின் உச்சியில் ‘டி, எம்’ என்ற இரண்டு எழுத்துகளைப் பார்த்தால் இறந்தவரின் பெயர்ச்சுருக்கம் என்று நினைக்க வேண்டாம். ‘டிஸ் மானிபஸ்’, அதாவது மானேஸ் என்னும் இறந்தோர் தெய்வங்களுக்கு என்று பொருள். கல்லுக்கடியில் ஒரே ஒருவர் கிடந்தாலும் அந்தச் சொல் பன்மையில்தான் வரும்.