அமெரிக்க சிவில் விவகாரங்களில் ‘டியூ பிராசஸ்’: உங்களுக்கு உண்டா என்று பார்ப்பது எப்படி?

டியூ பிராசஸ் (உங்களிடமிருந்து ஒன்றைப் பறிக்கும் முன் அரசு பின்பற்ற வேண்டிய நியாயமான நடைமுறை) என்றதும் கைது, சிறை, கிரிமினல் கோர்ட் என்றுதான் பலருக்குத் தோன்றும். உதவித்தொகை நிற்கும்போதும் அரசு வேலை போகும்போதும் அது உண்டு. நீங்கள் ஜெயிப்பீர்கள் என்று அது உறுதி தராது. பறிக்கிறவர் உங்களிடம் சொன்னாரா, உங்கள் பக்கத்தைக் கேட்டாரா என்பதை மட்டுமே பார்க்கும். கீழே உள்ள கேள்விகளை இதே வரிசையில் கேளுங்கள்.

படி 1: பறிப்பது யார்?

அரசாக இருக்க வேண்டும். மத்திய அரசு என்றால் அரசியல் சட்டத்தின் 5-ஆவது திருத்தம் (1791). மாநிலம், நகராட்சி, அரசுப் பள்ளி என்றால் 14-ஆவது திருத்தம் (1868). தொடக்கத்தில் எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பென்சில்வேனியாவில் ஒரு பெண்மணியின் கரண்ட்டைத் தனியார் நிறுவனம் துண்டித்தது. அந்தப் பகுதியில் வேறு நிறுவனம் கிடையாது, மாநிலத்தின் உரிமமும் அதனிடம் இருந்தது. அப்படியும் அது அரசின் செயல் ஆகாது என்று 1974-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான்கே ஆண்டுகளில் மெம்ஃபிஸிலிருந்து ஒரு வழக்கு. அங்கே கரண்ட் கொடுத்தது நகராட்சியின் அமைப்பு. பில்லில் தகராறு என்றால் எங்கே முறையிடலாம் என்று சொல்லாமல் துண்டித்தது தவறு என்று தீர்ப்பு வந்தது.

தவணை பாக்கி என்று தனியார் கடைக்காரரே ஷெரீஃபை (உள்ளூர் அரசுக் காவல் அதிகாரி) வைத்து உங்கள் அடுப்பைத் தூக்கினால்? அதில் அரசின் கை இருக்கிறது. 1972 தீர்ப்பு ஒன்று இதைத்தான் சொல்கிறது.

படி 2: பறிபோவது எது?

உயிர், சுதந்திரம், சொத்து: இந்த மூன்றில் ஒன்றாக இருக்க வேண்டும். சொத்து என்றால் நிலமும் பணமும் மட்டுமல்ல. சட்டமோ விதியோ உங்களுக்கு உரியது என்று சொல்வதெல்லாம் அதில் அடங்கும். 1972-இல் ஒரே நாளில் வந்த இரண்டு தீர்ப்புகளைப் பாருங்கள். விஸ்கான்சினில் ரோத் என்ற ஆசிரியருக்கு ஓராண்டு ஒப்பந்தம். அது முடிந்தது, புதுப்பிக்கவில்லை. கிடைக்கும் என்ற ஆசை மட்டும் போதாது என்று அவர் தோற்றார். டெக்சாஸில் சிண்டர்மன் என்பவருக்கும் ஆண்டு ஒப்பந்தம்தான். ஆனால் வேலை திருப்தியாக இருக்கும்வரை நிரந்தரம் என்று கருதிக்கொள்ளலாம் என்ற பொருளில் கல்லூரிக் கையேட்டிலேயே ஒரு வாசகம் இருந்தது. அதை வைத்துத் தன் உரிமையை நிரூபிக்க அவருக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஆகவே அப்பாயின்ட்மென்ட் ஆர்டரோடு நிற்காமல், கையேடு, விதித்தொகுப்பு எல்லாவற்றையும் புரட்டுங்கள்.

படி 3: நோட்டீஸ் சரியா?

“கடிதம் என் கைக்கு வரவில்லை” என்ற வாதம் தனியாக நிற்காது. உங்களை எட்டும்படி நியாயமான முயற்சி நடந்ததா என்பதே 1950 முதல் அளவுகோல். கையெழுத்து வாங்கிக்கொண்டு தரும் தபால், யாரும் வாங்காமல் திரும்பி வந்த பிறகும் ஆர்கன்சா மாநிலம் வரிபாக்கிக்காக வீட்டை விற்றது. முடிந்தால் வேறு வழியிலும் முயன்றிருக்க வேண்டும் என்றது 2006 தீர்ப்பு. உறைகளைத் தூக்கிப் போடாதீர்கள்.

படி 4: விசாரணை எப்போது, எவ்வளவு?

நியூயார்க்கின் ஏழைகளுக்கான உதவித்தொகையை நிறுத்த, முன்கூட்டியே நேரில் விசாரணை வேண்டும் என்றது 1970 தீர்ப்பு. 1976-இல் ஊனமுற்றோர் உதவித்தொகை வழக்கில் காற்று திசை மாறியது: முதலில் எழுத்தில் பதில் சொன்னால் போதும், முழு விசாரணை பிறகு. மூன்றை எடைபோட வேண்டும் என்றார்கள்: உங்கள் இழப்பு எவ்வளவு பெரியது, தவறு நேரும் வாய்ப்பும் கூடுதல் நடைமுறையால் அது எவ்வளவு குறையும் என்பதும், அரசுக்கு ஆகும் செலவும் சுமையும். அந்த வழக்கின் எல்ட்ரிஜ் குடும்பம் வீட்டையும் மேசை நாற்காலிகளையும் இழந்து, எல்லோரும் ஒரே கட்டிலில் படுத்ததாக மாற்றுக் கருத்து எழுதிய நீதிபதி பிரென்னன் குறிப்பிட்டார். இழப்பு என்ற முதல் தட்டில் அது சரியாக ஏறவில்லை என்பது என் எண்ணம்.

நிரந்தர அரசு ஊழியருக்கு, நீக்கும் முன் குற்றச்சாட்டையும் ஆதாரத்தையும் சொல்லிப் பதில் கேட்க வேண்டும் (1985). அரசுப் பள்ளியில் மாணவருக்கு 10 நாள் வரை சஸ்பெண்ட் என்றால், குற்றச்சாட்டைச் சொல்லி அவர் பக்கத்தைக் கேட்கும் சிறு பேச்சே பொதுவாகப் போதும் (1975).

படி 5: கெடு

விசாரணை வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். ஃபெடரல் கோர்ட்டில் உங்கள்மீது சிவில் வழக்கு வந்து சம்மன் கையில் கொடுக்கப்பட்டால் பதில் தர பொதுவாக 21 நாள்; தவறினால் நீங்கள் இல்லாமலே தீர்ப்பு வரலாம். கிரிமினல் வழக்குபோல், வசதியில்லாதவருக்கு அரசு செலவில் வக்கீல் தானாகக் கிடைக்கமாட்டார்.

மாநில, உள்ளாட்சி அதிகாரிகள்மீது பிறகு வழக்குப் போடலாம், அதற்கு 1871-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. நடைமுறை பிழை, ஆனால் முடிவு எப்படியும் அதேதான் என்று தெரியவந்து, வேறு பாதிப்பையும் நீங்கள் நிரூபிக்காவிட்டால், 1978 தீர்ப்பின்படி கையில் கிடைப்பது அதிகபட்சம் ஒரு டாலர்.