ரோம் எழுந்ததையும் வீழ்ந்ததையும் பேசும்போது செய்யக் கூடாத தவறுகள்

ரோம் எப்போது வீழ்ந்தது என்று கேட்டால், கி.பி. 476 என்று பட்டென்று பதில் வரும். அந்த ஆண்டு நடந்ததைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பாருங்கள். ஒடோவாக்கர் என்ற படைத்தலைவர், ரோமுலஸ் அகஸ்டுலஸ் என்ற சிறுவனை அரியணையிலிருந்து இறக்கினார். கொல்லவில்லை. ஆண்டுக்கு 6,000 தங்கக் காசு ஏற்பாடு செய்து தெற்கு இத்தாலியிலுள்ள காம்பானியாவுக்கு அனுப்பிவைத்தார். ரோமின் ஆட்சி மன்றமான செனட் கலையவில்லை. அரசுச் சின்னங்கள் கிழக்கு ரோமப் பேரரசின் தலைநகரான கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போயின. அங்கிருந்த பேரரசு 1453 வரை இருந்தது. அதன் மக்கள் தங்களை ரோமர் என்றே சொல்லிக்கொண்டார்கள். 476 என்று எழுதினால் 'மேற்கு ரோம்' என்று சேர்த்து எழுதுங்கள்.

ஜூலியஸ் சீசரைப் பேரரசர் என்பதும் தவறு. முதல் பேரரசர் அகஸ்டஸ்தான், கி.மு. 27இல்.

நம்மூரில் ஆசையாகச் சொல்லப்படும் கதை ஒன்று உண்டு: மிளகு வாங்கியே ரோம் நொடித்துப்போனதாம். ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) இந்தியாவுக்குப் போகிறது என்று ரோம எழுத்தாளர் பிளினி புலம்பியது உண்மை. புதுக்கோட்டையில் கிடைத்த ரோமத் தங்கக் காசுகளும் உண்மை. ஆனால் பிளினி இறந்தது 79இல். பேரரசு மிகப் பெரிதாக விரிந்தது அதற்குப் பிறகு, பேரரசர் டிராஜன் காலத்தில், 117 வாக்கில்; மிளகு வாங்கி நொடித்திருந்தால் அப்படி விரிந்திருக்காது. அப்புறம், எகிப்து வழியாக வந்த கிழக்குச் சரக்குக்கு நாலில் ஒரு பங்கு சுங்கம். மிளகு ரோமின் கஜானாவை நிரப்பவும் செய்தது. நம் வணிகப் பெருமைக்கு இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை.

'காட்டுமிராண்டிகள் வந்து அழித்தார்கள்' என்று ஒரே வரியில் முடிப்பதுதான் எனக்கு மிகவும் வருத்தம் தருவது. 410இல் ரோம் நகரைச் சூறையாடிய அலாரிக் என்ற கோத் இனத் தலைவர், முன்பு ரோமுக்காகவே போர் செய்தவர். ரோமப் படையில் உயர் பதவி கேட்டவர். அன்று பேரரசர் இருந்ததும் ரோமில் இல்லை, ராவென்னாவில். உண்மையான அடி 439இல் விழுந்தது. வண்டல்கள் என்ற ஜெர்மானிய இனத்தார் வட ஆப்பிரிக்காவின் பெருநகரான கார்த்தேஜைப் பிடித்தார்கள். அந்தப் பகுதியின் தானியமும் வரியும் ரோமின் கைவிட்டுப் போயின. வரி இல்லையென்றால் படைக்குச் சம்பளம் இல்லை. படை இல்லையென்றால் அடுத்த மாகாணமும் போகும், அதன் வரியும் போகும். வட ஆப்பிரிக்காவை மீட்க 468இல் கிழக்கு ரோமும் மேற்கு ரோமும் சேர்ந்து அனுப்பிய பெரிய கப்பற்படை, கார்த்தேஜுக்கு அருகே வண்டல்கள் தீ வைத்து ஏவிய கப்பல்களில் சிக்கி அழிந்தது. சிறுவன் ரோமுலஸை அரியணையிலிருந்து இறக்கியது அதற்கு 8 ஆண்டு கழித்துத்தான்.