வயலில் பாறைத்தூள்: போட்டதெல்லாம் கணக்கில் வராது

பாறையைப் பொடித்து வயலில் தூவினால் காற்றிலுள்ள கரியமில வாயு குறையும் என்ற பேச்சு இப்போது இந்திய வயல்களுக்கும் வந்துவிட்டது. சத்தீஸ்கர், மத்தியப் பிரதேச நெல் விவசாயிகளோடு இதைச் செய்துவரும் மாட்டி கார்பன் என்ற நிறுவனம், காற்றிலிருந்து கரியமில வாயுவை அகற்றும் வழிகளுக்கான எக்ஸ்பிரைஸ் போட்டியில் 2025இல் 5 கோடி டாலர் முதல் பரிசை வென்றது. டார்ஜிலிங் தேயிலைத் தோட்டங்களிலும் இதே வேலை நடக்கிறது. பரிசுச் செய்தி பரவும் வேகத்தில் அரைகுறைப் புரிதலும் கூடவே பரவுகிறது.

நடப்பது எளிமையான வேதியியல்தான். மழைநீர் கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு, சோடா போல லேசான அமிலமாகிறது. அது சிலிக்கேட் பாறையைக் கரைக்கும்போது கால்சியம், மக்னீசியம் வெளியேறுகின்றன. வாயு பைகார்பனேட்டாக மாறி நீரோடு போகிறது. கடல் வரை போய்ச் சேர்ந்தால் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் அங்கேயே கிடக்கும். மலைகளில் காலங்காலமாக நடப்பதை, தூளாக்கி வேகப்படுத்துகிறோம், அவ்வளவே.

முதல் தவறு, கொட்டிய டன்னையே பிடித்த வாயுவாக நினைப்பது. எரிமலைக் குழம்பு உறைந்து உண்டான பசால்ட் பாறை ஒரு டன் முழுவதும் கரைந்தால் சுமார் 300 கிலோ வாயுவைப் பிடிக்கலாம் என்பது ஏட்டுக் கணக்கு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் மக்காச்சோளமும் சோயாவும் விளையும் வயலில் ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 50 டன் வீதம் நான்கு ஆண்டுகள் பசால்ட் போட்டுப் பார்த்தார்கள். மொத்தம் 200 டன். ஆய்வாளர்கள் 2024இல் வெளியிட்ட கணக்கில் பிடிபட்டது ஹெக்டேருக்குச் சுமார் 10.5 டன், அதிலும் 3.8 டன் கூடக்குறைய இருக்கலாம் என்றார்கள். ஒரு டன் தூளுக்கு ஏறக்குறைய 50 கிலோ! மீதித் தூள் இன்னும் மண்ணில்தான் இருக்கிறது, மெதுவாகக் கரையும். ஆனால் வேகம் இதுதான்.

இதோடு லாரியையும் சேர்த்துப் பாருங்கள். ஒரு டன் சரக்கை ஒரு கிலோமீட்டர் கொண்டுபோக 100 கிராம் வாயு வெளியாகிறது என்று வைத்துக்கொண்டால், 300 கிலோமீட்டருக்கு 30 கிலோ. அந்த 50 கிலோவில் பாதிக்குமேல் டீசலிலேயே போய்விட்டது. உடைத்து அரைக்கும் மின்சாரம் தனி. தக்காணத்தில் பசால்ட் பாறைமேலேயே வயல் இருக்கிறது. தஞ்சாவூருக்கு அங்கிருந்து தூள் ஏற்றிவருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சரி, பக்கத்துக் கிரஷர் தூளைப் போட்டால்? தமிழ்நாட்டில் ஜல்லி உடைக்கும் கல் பெரும்பாலும் கிரானைட், சார்னக்கைட் வகை. அவற்றில் குவார்ட்ஸ், ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமங்கள்தான் அதிகம். குவார்ட்ஸ் கரைந்தாலும் வாயுவைப் பிடிக்காது. அவற்றிலுள்ள ஃபெல்ட்ஸ்பார் வகைகள் மிக மெதுவாகத்தான் கரையும். வெறும் கல்தூள் என்ற பெயரை நம்பாமல் ஆய்வக அறிக்கை கேளுங்கள். அமிலம் ஒரு சொட்டு விட்டதும் நுரைத்துப் பொங்கினால் அதில் சுண்ணாம்புக்கல் கலந்திருக்கிறது. அந்தக் கல்லுக்குள்ளேயே கரியமில வாயு இருப்பதால் கணக்கே வேறு.

வேகமாகக் கரையும் கல் வேண்டும் என்று, மக்னீசியம் மிகுந்த டூனைட் பாறைக்குத் தாவுவது இன்னொரு சறுக்கல். சேலம் மேக்னசைட் சுரங்கப் பகுதியில் அது கிடைக்கிறது. ஆனால் அந்த வகைக் கல்லில் ஆயிரத்துக்கு இரண்டு, மூன்று பங்கு நிக்கல் இருக்கும், குரோமியமும் உண்டு. ஆண்டுதோறும் டன் கணக்கில் போட்டால் அது மண்ணிலேயே சேரும். பாறைத்தூளை 2013லேயே வேளாண் இடுபொருளாகச் சட்டத்தில் சேர்த்த பிரேசில், ஆர்சனிக், காட்மியம், பாதரசம், ஈயம் நான்குக்கும் உச்சவரம்பு வைத்திருக்கிறது. அறிக்கையில் இந்த நான்கோடு நிக்கல், குரோமியம் அளவையும் பாருங்கள்.

மண்ணைப் பார்க்காமல் தூவுவதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய தவறு என்பேன். கோவில்பட்டிக் கரிசல் போல ஏற்கெனவே காரத்தன்மையும் சுண்ணாம்பும் உள்ள மண்ணில் கல் கரைவதே மெதுவாக நடக்கும். கரைந்ததும் மண்ணிலேயே மறுபடி சுண்ணாம்பாகப் படிந்தால், பிடித்த வாயுவில் பாதி காற்றுக்கே திரும்பிவிடும். மழை குறைந்த மானாவாரி நிலத்தில் பைகார்பனேட்டை அடித்துச்செல்ல நீரும் இல்லை. மறுபக்கம், யூரியாவும் அம்மோனியம் சல்ஃபேட்டும் போட்டுப் போட்டு மிகவும் புளித்துப்போன மண்ணில், கல்லைக் கரைப்பது உரத்தால் உண்டான நைட்ரிக் அமிலமாக இருக்கும். அப்படிக் கரைந்தால் மண்ணின் புளிப்பு குறையும், பயிருக்கு நல்லது. ஆனால் கரியமில வாயு பிடிபடாது. ஓரளவு அமிலத்தன்மையும் நல்ல மழையும் உள்ள நிலம்தான் தோது. டார்ஜிலிங்கைத் தேர்ந்தெடுத்ததில் அர்த்தம் இருக்கிறது.

உரச்செலவு மிச்சம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். பசால்ட்டில் தழைச்சத்து கிடையாது. நெல்லுக்குச் சிலிக்கா கிடைக்கும், அது உண்மை. அப்புறம், காற்றடிக்கும் நாளில் முகத்தை மூடாமல் தூவாதீர்கள். குவார்ட்ஸ் கலந்த நுண்தூள் நுரையீரலைக் கெடுக்கும். கல் உடைக்கும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிடித்த வாயுவைக் கணக்கிட்டு விற்கும் கார்பன் வரவுக்காக (கார்பன் கிரெடிட்) ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போடுவதாக இருந்தால், முதல் லாரி வருவதற்கு முன்பே மண் மாதிரி எடுத்துவிட வேண்டும். தூள் விழுந்த பிறகு பழைய மண்ணைத் தேடினால் கிடைக்காது. தூளே போடாத ஒரு துண்டு நிலத்தையும் ஒதுக்கி, அதே பயிர், அதே உரம், அதே தண்ணீர் கொடுங்கள். மண்ணில் எவ்வளவு கரைந்தது என்பதோடு வடிகால் நீரையும் அளப்பார்களா, எத்தனை ஆண்டு அளப்பார்கள், நிலத்துக்காரருக்கு என்ன பங்கு என்பதையெல்லாம் எழுத்தில் வாங்கிய பிறகு கையெழுத்துப் போடலாம்.